அத்தியாயம் ஒன்பது: முதலில் வந்த விடை

கணவனோடு பேசாமல் இருப்பது பிரிக்ஃபீல்ட்ஸின் அந்தச் சின்ன ஃப்ளாட்டில் அவ்வளவு சுலபமில்லை. சமையலறைக்கும் குளியலறைக்கும் நடுவே ஒரே ஒரு நடை. எதிரெதிரே வந்துவிட்டால் ஒருவர் ஒதுங்கித்தான் ஆக வேண்டும். அந்தச் சனிக்கிழமை காலை வரைக்கும் குணேஸ்வரிதான் ஒதுங்கிக்கொண்டிருந்தாள்.

என்ன சண்டை என்பது போன வாரமும் கூட இருந்தவர்களுக்குத் தெரியும். இப்போதுதான் வந்து உட்காருகிறவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடலாம்.

உலகத்தில் சிலர் மென்பொருள் எழுதி, அதன் உள்ளே இருக்கும் நிரலையும் சேர்த்து எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்துவிடுகிறார்கள். அதைப் பயன்படுத்துகிறவருக்குச் சந்தேகம் வந்தால் போய் நிற்க ஒரு கம்பெனி கிடையாது. ஒருவரை ஒருவர்தான் கேட்டுக்கொள்ள வேண்டும். கிள்ளான் பள்ளத்தாக்கில் அப்படிப்பட்டவர்கள் சேர்ந்து ஒரு பயனர் குழு வைத்திருந்தார்கள். மின்னஞ்சலில் வந்த கேள்வியே திரும்பத் திரும்ப வரும். போன மாதம் சொன்ன பதிலை இந்த மாதம் யாராலும் தேடி எடுக்க முடியாது.

கல்லூரி நூலகத்தில் வேலை பார்த்த குணேஸ்வரிக்கு இது பொறுக்கவில்லை. சிதறிக் கிடந்த பதில்களையெல்லாம் சேர்த்து, தேடினால் கிடைக்கும்படி ஒரு வலைத்தளம் அமைத்தாள். ‘களஞ்சியம்’ என்று பெயர் வைத்தாள். பதில்களில் பாதி அவள் கணவன் ராதாகிருஷ்ணன் எழுதியவை.

ஒவ்வொரு விடைக்கும் மேலே, அது எந்தப் பதிப்புக்கு எழுதப்பட்டது, எந்தத் தேதியில் எழுதப்பட்டது என்று இரண்டு வரிகள் இருந்தன. பக்கம் பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று குணேஸ்வரி அவற்றை எடுத்துவிட்டாள். வைத்தே ஆக வேண்டும் என்றான் ராதாகிருஷ்ணன். களஞ்சியம் கம்ப்யூட்டர்காரர்களுக்கு இல்லை, சாதாரண மனிதர்களுக்கு என்றாள் அவள். பேச்சு அதோடு நின்றுபோயிருந்தது.

இன்று மூன்று மணிக்குப் பெட்டாலிங் ஜெயாவில் பயனர் குழுவின் கூட்டம். அங்கே களஞ்சியத்தை எல்லோர் முன்னாலும் காட்ட வேண்டும். ஈப்போவிலும் பினாங்கிலும் இருக்கும் குழுக்கள் அதைத் தங்கள் கணினிகளில் அப்படியே பிரதி எடுத்து வைத்துக்கொள்ள ஒப்புக்கொண்டிருந்தன. குணேஸ்வரி இரண்டு தடவை புடவை மாற்றிவிட்டாள். ஜன்னலுக்கு வெளியே புகைமூட்டம். எதிர் ஃப்ளாட்டின் கொடித்துணி கூடத் தெரியவில்லை. அந்த வருடம் செப்டம்பர் முழுக்க சுமத்ராவில் எரிந்த காடு இவர்கள் வீட்டுக்குள் நெடியாக வந்துகொண்டிருந்தது.

போன் அடித்தது.

“ஹலோ, குணாவா? தம்பி இருக்கானா?” கிள்ளானிலிருந்து நாத்தனார் தங்கமணி.

“குளிக்கிறாருக்கா. என்னக்கா, குரல் ஒரு மாதிரி இருக்கு?”

“டேப் காலியாயிடுச்சிலா, குணா. எல்லாம் போச்சு.”

தங்கமணி கிள்ளானில் வேலன் அச்சகம் நடத்துகிறாள். அப்பா விட்டுப் போன அச்சகம். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்துப் பத்திரிகை, கருமாதிப் பத்திரிகை என்று அந்த வட்டாரத்துத் தமிழர் வீட்டு நல்லது கெட்டது எல்லாம் அவள் கம்ப்யூட்டரில்தான் இருந்தது. பழைய மென்பொருளைத் தூக்கிப் போட்டுவிட்டு இலவச மென்பொருளுக்கு மாறச் சொல்லி நச்சரித்தது தம்பி ராதாகிருஷ்ணன். அவளும் மாறியிருந்தாள்.

“நிதானமா சொல்லுங்கக்கா.”

“நேத்து டிஸ்க் எரிஞ்சி போச்சு. பரவால்ல, அதான் டேப்புல காப்பி இருக்கேன்னு நிம்மதியாத்தான் இருந்தேன். காலையில புது டிஸ்க் போட்டாச்சு. இறக்குறதுக்கு முன்னால டேப் நல்லா இருக்கான்னு பார்த்துக்கலாமேன்னு உன் களஞ்சியத்துல தேடினேன். முதல்ல வந்ததைத்தான் அடிச்சேன், குணா. ஒரு எழுத்து கூட மாத்தல. கீழ தம்பி பேரு போட்டிருந்துச்சு. அவன் எழுதினதுன்னா சரியாத்தான் இருக்கும்னு நினைச்சேன்.”

குளியலறைக் கதவு திறந்தது. தலை துவட்டியபடி வந்த ராதாகிருஷ்ணன் அவள் முகத்தைப் பார்த்தான். சண்டை நினைவு இரண்டு பேருக்குமே வரவில்லை.

“யாரு? அக்காவா?”

அவள் போனை நீட்டினாள்.

*

ஃபெடரல் ஹைவேயில் எல்லா வண்டிகளும் பகலிலேயே விளக்குப் போட்டுக்கொண்டு ஊர்ந்தன. பழைய புரோட்டான் சாகா காரின் ஜன்னலைப் புகையில் இறக்க முடியாது. ஏர்கோனும் சரியாகக் குளிரவில்லை.

“என்ன கமாண்ட் அடிச்சாங்களாம்?” என்றான் ராதாகிருஷ்ணன்.

“வால்ட். அதுக்குப் பக்கத்துல சின்ன சி.”

அவன் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்ததை அவள் பார்த்தாள்.

வால்ட் என்பது கம்ப்யூட்டரில் இருப்பதை டேப்பில் நகலெடுத்து வைக்கும் ஒரு சின்ன மென்பொருள். அதன் பழைய பதிப்பில் சி என்றால் ‘செக்’. டேப்பில் உள்ளது நன்றாக இருக்கிறதா என்று சரிபார்த்துச் சொல்லும். புதிய பதிப்பை எழுதியவர்கள் என்ன நினைத்தார்களோ, அதே எழுத்துக்கு ‘கிளியர்’ என்று அர்த்தத்தை மாற்றிவிட்டார்கள். டேப்பைத் துடைத்துவிட்டுப் புதிதாகத் தொடங்கும்.

ராதாகிருஷ்ணன் எழுதிய விடை பழைய பதிப்புக்கு. அன்றைக்கு அது சரியான விடை. தங்கமணியின் அச்சகத்தில் இருந்தது புதிய பதிப்பு. நடுவில் நின்று தடுத்திருக்க வேண்டிய இரண்டு வரிகளைத்தான் குணேஸ்வரி அழகுக்காக எடுத்திருந்தாள்.

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். சாலை ஓரத்துப் பலகைகள் எதுவும் படிக்க முடியவில்லை. சுபாங் தாண்டிவிட்டதா இல்லையா என்றுகூடத் தெரியவில்லை.

“ஏன் சும்மாவே வரீங்க?” என்றாள் கடைசியில். “சொல்லிடுங்க.”

“என்ன சொல்ல?”

“நான் அப்பவே சொன்னேன்னு.”

கண்ணாடியில் படிந்த சாம்பலைத் துடைக்க அவன் வைப்பரைத் தட்டினான். அது இன்னும் கொஞ்சம் அப்பிவிட்டது.

“சொன்னா டேப் திரும்பி வருமா?” என்றான்.

கத்தியிருந்தால் அவளும் கத்தியிருக்கலாம். அவன் கத்தவில்லை. முன்னால் போன லோரியின் சிவப்பு விளக்கையே பார்த்துக்கொண்டு ஓட்டினான்.

“மூணு மணிக் கூட்டம்?” என்று கேட்டான்.

“அந்தோனிப்பிள்ளை அங்கிளுக்குப் போன் பண்ணணும். கிள்ளான் போய்ப் பண்றேன்.”

*

வேலன் அச்சகத்தின் இரும்புக் கதவு பாதிதான் திறந்திருந்தது. உள்ளே மை வாசனையும் புகை நெடியும் கலந்து மூக்கை அரித்தது. வாசல் நாற்காலியில் காய்கறி வாங்கும் பெரிய பாசார் கூடையோடு ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தார். ஜெஞ்சாரோமிலிருந்து வந்த பவுனம்மாள். மகள் கல்யாணப் பத்திரிகையை இன்று வாங்கிக்கொண்டு போக வந்தவர். அதுவும் போனவற்றோடு போயிருந்தது.

தங்கமணி அழுது முடித்துவிட்ட முகத்தோடு இருந்தாள். தம்பியைப் பார்த்ததும் எழுந்து நின்றாள்.

“எழுதிப் போட்டா உலகமே படிக்கும்னு சொன்னியே தம்பி. படிச்சேன்.”

“அக்கா...”

“உள்ளே என்ன இருக்குன்னு எல்லாருக்கும் தெரியும், ஒளிவு மறைவு கிடையாதுன்னு சொன்ன. கம்பெனிக்காரன் கிட்ட ஏன் கை கட்டி நிக்கணும்னு கேட்ட. இப்ப யாருகிட்டலா போய் நிக்கட்டும் நான்? அப்பா போனதுக்கப்புறம் செஞ்ச அத்தனை டிசைனும் அதுல இருந்துச்சு. அப்பா கையால வரைஞ்ச பார்டரை எல்லாம் ஒண்ணொண்ணா ஸ்கேன் பண்ணி வெச்சிருந்தேன்.”

ராதாகிருஷ்ணன் தலை குனிந்து நின்றான். “என் தப்புதான்க்கா. நான்தான் எழுதினேன்.”

குணேஸ்வரி கைப்பையைக்கூட இன்னும் கீழே வைக்கவில்லை. இந்த ஒரு வாக்கியத்தோடு தான் தப்பித்துவிடலாம் என்று அவளுக்குத் தெரிந்தது. அவன் தப்பிக்கவிடத்தான் சொல்கிறான் என்பதும் தெரிந்தது. அதுதான் தாங்கவில்லை.

“அவரு எழுதினது சரிதான்க்கா” என்றாள். “பழைய பதிப்புக்கு எழுதினது. அதை மேலேயே போட்டிருந்தாரு, எந்தப் பதிப்பு, என்ன தேதின்னு. நான்தான் எடுத்தேன். வெக்கச் சொன்னாரு. நான் கேக்கல.”

தங்கமணி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“ஏன் எடுத்த?”

“பக்கம் அழகா இருக்கட்டும்னு.”

அச்சகத்துக்குள் அந்தச் சொல் விழுந்த விதமே சரியில்லை. தங்கமணி சுவரில் மாட்டியிருந்த மாதிரிப் பத்திரிகைகளைத் திரும்பிப் பார்த்தாள்.

“கல்யாணக் கார்டுல தேதியத் தூக்கிட்டு, பாரு எவ்ளோ அழகா இருக்குன்னு குடுத்தா வாங்குவாங்களா, குணா?”

பவுனம்மாள் வாசலில் லேசாகச் செருமினார். ராதாகிருஷ்ணன் மேசைக்கு அடியில் குனிந்து டேப் பெட்டியின் மூடியைக் கழற்ற ஆரம்பித்தான்.

*

அச்சகத்தில் இரண்டு கம்ப்யூட்டர்கள். டிஸ்க் எரிந்தது பெரியது. கணக்கு வழக்குக்கு வைத்திருந்த சின்னதில்தான் மோடம் இருந்தது. காலையில் களஞ்சியத்தைத் திறந்த அதே இடத்தில் தங்கமணி மறுபடி உட்கார்ந்தாள். குணேஸ்வரிதான் கேட்டுக்கொண்டாள்.

“காலையில செஞ்ச மாதிரியே செஞ்சு காட்டுங்கக்கா. நான் வாயே திறக்கமாட்டேன்.”

மோடம் கிறீச்சிட்டு ஓய்ந்தது. பக்கம் மேலிருந்து கீழாக மெல்ல வந்தது. குணேஸ்வரி எத்தனையோ வாரம் உட்கார்ந்து வகைபிரித்த தலைப்புகள் இடப் பக்கம் வரிசையாக நின்றன. நிறுவுதல், அச்சுப்பொறி, வலையமைப்பு, காப்புநகல். நூலகத்தில் புத்தகம் அடுக்குவது போல அடுக்கியிருந்தாள்.

தங்கமணி அந்தப் பக்கம் கண்ணைக்கூடத் திருப்பவில்லை. நேரே தேடுபெட்டிக்குப் போனாள். ஆள் எதிரே நிற்பது போல, ‘டேப் ஓகேயா பார்ப்பது எப்படி’ என்று ஆங்கிலமும் மலாயும் கலந்து தட்டினாள். விடைகள் ஒரு பட்டியலாக வந்தன. முதலில் நின்றதை அழுத்தினாள். சாம்பல் கட்டத்துக்குள் இருந்த கட்டளையை மட்டும் பார்த்தாள். மேலே இருந்த விளக்கத்தைப் படிக்கவில்லை.

“அவ்வளவுதான்” என்றாள்.

“ரெண்டாவதா வந்ததைப் பார்க்கலையாக்கா?”

“எதுக்கு? முதல்ல இருக்கறதுதானே நல்லது? நீதானே வரிசைப்படுத்தி வெச்சிருக்க?”

குணேஸ்வரி இரண்டாவதைத் தானே அழுத்தினாள். அது புதிய பதிப்புக்கான விடை. ஈப்போக்காரர் ஒருவர் எழுதியது. சி போடக்கூடாது, சரிபார்க்க வி போட வேண்டும் என்று தெளிவாக எழுதியிருந்தார். சரியான பதில் களஞ்சியத்தில் இருந்தது. ஆனால் அதிகம் பேர் படித்தது முதலில் வரட்டும் என்று அவள் வைத்திருந்த ஏற்பாட்டில் அது எந்தக் காலத்திலும் முதலில் வரப்போவதில்லை. பழைய விடையை ஆளாளுக்குப் படித்துப் படித்து மேலே தூக்கிவிட்டிருந்தார்கள். மேலே இருப்பதால் இன்னும் பலர் படித்தார்கள்.

மாதக்கணக்கில் இந்தக் களஞ்சியத்தைக் கட்டியவள், அதை இன்னொருவர் பயன்படுத்தும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தது இன்றுதான்.

பிறகு இன்னொன்று உறைத்தது. மூன்று மணிக் கூட்டத்தில் இதைத்தான் பிரதி எடுக்கப் போகிறார்கள். மணி பார்த்தாள். எழுந்து மோடத்தை நிறுத்தினாள். அச்சகத்தில் ஒரே டெலிபோன் லைன்தான். மோடம் ஓடும்போது யாரும் பேச முடியாது, வெளியிலிருந்து வருகிற அழைப்பும் வராது.

அந்தோனிப்பிள்ளை முதல் மணியிலேயே எடுத்தார். பயனர் குழுவைக் கட்டிக் காப்பவர். அவளுடைய அப்பாவின் பழைய நண்பர். அவரோடு பேசும்போது குணேஸ்வரிக்குத் தன்னை அறியாமலே வீட்டு யாழ்ப்பாணத் தமிழ் வந்துவிடும்.

“பிள்ளை, எங்கை நிக்கிறாய்? சனம் வரத் தொடங்கீட்டுது.”

“அங்கிள், நான் வரேல்லை. களஞ்சியத்தை ஒருத்தரும் பிரதி எடுக்க வேண்டாம் எண்டு சொல்லுங்கோ. அதுக்குள்ளை ஒரு விடை பிழையா நிக்குது. டேப்பைத் துடைச்சுப்போடும்.”

நடந்ததைச் சொன்னாள். மறுமுனையில் பெருமூச்சு கேட்டது.

“ஒரு விடைதானே பிள்ளை? அதை மாத்திப்போட்டு வா. இத்தனை பேர் வந்திருக்கினம்.”

“ஒரு விடை எண்டு எனக்குத் தெரியாது அங்கிள். எல்லாத்திலையும் தேதியை நான் எடுத்துப்போட்டன். இன்னும் எத்தினை கிடக்குதோ.”

அந்தோனிப்பிள்ளை யாரையோ கூப்பிட்டு விசாரிப்பது கேட்டது.

“ஈப்போவை மறிக்கலாம். இஞ்சைதான் நிக்கிறாங்கள். பினாங்குக்காரர் நேற்றே முழுக்க எடுத்துப்போட்டினம்.”

“அப்ப அவையிட்டைச் சொல்லித் திருத்தச் சொல்லுங்கோ!”

“அதைப் பாக்கிற பொடியன் லங்காவித் தீவுக்குப் போயிட்டான். திங்கள்தான் வருவான். வேறை ஒருத்தரிட்டையும் பாஸ்வேர்ட் இல்லை.”

போனை வைத்துவிட்டு அவள் அப்படியே நின்றாள். தன் பக்கத்தை இப்போதே திருத்தலாம். பினாங்கில் இருக்கும் இன்னொரு களஞ்சியத்தை, தான் எழுதியதையே, தன்னால் தொடக்கூட முடியாது. நூலகத்தில் ஒரு தவறான புத்தகம் இருந்தால் அலமாரியிலிருந்து எடுத்துவிடலாம். இதை எங்கே போய் எடுப்பது?

மறுபடி மோடத்தைப் போட்டாள். அந்த விடையின் மேலே சிவப்பில் எச்சரிக்கை எழுதினாள். பதிப்பு எண், தேதி, மாற்றியது குணேஸ்வரி என்ற வரி. அதிகம் படிக்கப்பட்டது முதலில் என்ற ஏற்பாட்டை மாற்றிப் புதியது முதலில் என்றாக்கினாள். மற்ற விடைகளை ஒவ்வொன்றாகப் பார்க்க வாரக்கணக்கில் ஆகும். அதுவரைக்கும் முகப்பிலேயே ஒரு வரி வைத்தாள். இந்தக் களஞ்சியத்தில் உள்ள எதையும் பதிப்பு தெரியாமல் செய்து பார்க்காதீர்கள்.

நம்பி வாருங்கள் என்று கட்டிய வீட்டின் வாசலில், உள்ளே வராதீர்கள் என்று பலகை மாட்டியது போல இருந்தது.

*

“அக்கா, கொஞ்சம் வாங்க” என்று ராதாகிருஷ்ணன் கூப்பிட்டான்.

முழங்கைவரை தூசியோடு தரையில் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் திறந்து கிடந்தது டேப் பெட்டி.

“டேப் முழுசா அழியலக்கா. ஆரம்பத்துல மட்டும்தான் புதுசா எழுதி, ‘இதோட முடிஞ்சுது’ன்னு ஒரு முத்திரை வெச்சிருக்கு. அதுக்குப் பின்னால பழசு அப்படியே இருக்கும். ஆனா அந்த முத்திரையைத் தாண்டிப் படிக்க மெஷின் மாட்டேங்குது.”

“அப்ப?”

“மெஷினை ஏமாத்தணும். அந்த இடத்துல கொஞ்சமா எழுத ஆரம்பிச்சி, முத்திரை வெக்கறதுக்கு முன்னால கரண்டை நிறுத்திடணும். அப்புறம் தாண்டிப் போகும். சில பேரு செஞ்சிருக்காங்க. நான் செஞ்சது இல்ல.”

“தப்பாப் போச்சுன்னா?”

“டேப் அறுந்தாலும் அறுந்துடும்.”

தங்கமணி ரொம்ப நேரம் யோசிக்கவில்லை. “நீ சொல்லித்தானே இதுல இறங்கினேன். பாதியில உட்டுட்டு எங்க போறது? செய்.”

சுவிட்சைப் பிடிக்கும் வேலையைக் குணேஸ்வரியிடம் கொடுத்தான். அவன் கையைத் தூக்கியதும் அணைக்க வேண்டும். அவள் சுவரோரம் மண்டியிட்டாள். பெட்டிக்குள் டேப் சுழலும் சத்தம் எழும்பியது. அவன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். கை எழுந்தது. அவள் அழுத்தினாள். சத்தம் சட்டென்று செத்தது.

மறுபடி கரண்ட் கொடுத்து, படிக்கச் சொல்லித் தட்டினான். டேப் ஓடியது. நின்றது. தங்கமணி கண்ணை மூடிக்கொண்டாள். மறுபடி ஓடியது. திரையில் ஒரு கோப்பின் பெயர் வந்தது. அடுத்து இன்னொன்று. பிறகு வரிசையாகக் கொட்ட ஆரம்பித்தது.

“வருது!” என்றான் ராதாகிருஷ்ணன். “அக்கா, வருதுக்கா!”

தங்கமணி அவன் தலையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினாள். அதே கையால் தலையைக் கோதியும் விட்டாள். பார்டர்கள் வந்தன. அப்பா வரைந்த மயில் வந்தது. டேப்பின் முன்பகுதியில் இருந்தவை மட்டும் வரவில்லை. பவுனம்மாளின் பத்திரிகை அவற்றில் ஒன்று.

“நான் டைப் பண்றேன் ஆன்டி” என்று குணேஸ்வரி நாற்காலியை இழுத்துப் போட்டாள். “நீங்க சொல்லுங்க. மறுபடி முதல்லேர்ந்து.”

பவுனம்மாள் கூடையைக் கீழே வைத்தார். நடந்ததெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தவர் ஒரு குறையும் சொல்லவில்லை. “மாப்பிள்ளை வீட்டுல பெரிய மாமன் பேரு முதல்ல வரணும்மா. சின்ன மாமன் பேரு முதல்ல வந்துட்டா பெரியவரு கல்யாணத்துக்கு வரமாட்டாரு. அதை மட்டும் பார்த்துக்க.”

பேர்கள், ஊர்கள், உறவுமுறைகள். குணேஸ்வரி ஒவ்வொரு வரியையும் இரண்டு தடவை திருப்பிப் படித்துக் காட்டினாள். தேதியை மூன்று தடவை படித்துக் காட்டினாள். தங்கமணி அதைக் கேட்டும் கேட்காதது போல அச்சு இயந்திரத்துக்கு மை ஊற்றிக்கொண்டிருந்தாள்.

*

பவுனம்மாள் ஈரம் காயாத பத்திரிகைக் கட்டோடு பஸ் ஏறிப் போனபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. புகைக்குள் சூரியன் செம்பருத்திப் பூ நிறத்தில் மங்கலாகத் தொங்கியது. எங்கிருந்தோ பாங்கு ஒலி கேட்டது. தங்கமணி மூன்று பேருக்கும் மைலோ கலக்கிக் கொண்டுவந்து வைத்தாள். குணேஸ்வரியின் தம்ளரை அவள் பக்கம் தள்ளினாள்.

குணேஸ்வரிக்கு உட்கார முடியவில்லை. போய் மோடத்தைப் போட்டாள். திருத்தம் ஒழுங்காக ஏறியிருக்கிறதா என்று இன்னொரு தடவை பார்த்துவிட வேண்டும்.

களஞ்சியத்தின் எல்லாப் பக்கங்களுக்கும் அடியில், எழுதியனுப்ப ஒரு இடம் உண்டு. அதில் எழுதுவது அவளுடைய அஞ்சலுக்கு வந்து சேரும். ஒரு கடிதம் வந்திருந்தது. ஆங்கிலத்தில் மரியாதையாக எழுதப்பட்டிருந்தது.

எழுதியவர் பெயர் சீவரத்தினம். ரவாங்கில் ஏழைகளுக்காக நடக்கும் ஒரு டயாலிசிஸ் மையத்தில் தொண்டராகக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்கிறவர். டிஸ்க் கெட்டுவிட்டதாம். எந்த நோயாளிக்கு என்ன மருந்து, எவ்வளவு அளவு, யாருக்கு எது ஒத்துக்கொள்ளாது என்ற பதிவெல்லாம் இப்போது டேப்பில் மட்டும்தான் இருக்கிறதாம். உங்கள் களஞ்சியத்தின் பினாங்குப் பிரதி வேகமாகத் திறக்கிறது, மிக்க நன்றி என்று எழுதியிருந்தார். இன்று சாயங்காலம் கடைசி நோயாளி போனதும், அதில் முதலில் வந்த விடையின்படி எல்லா டேப்பையும் சரிபார்த்துவிட்டு இறக்கப் போகிறேன் என்று முடித்திருந்தார்.

அடியில் மையத்தின் போன் நம்பர் இருந்தது.

“என்னங்க!”

அவள் குரலைக் கேட்டு ராதாகிருஷ்ணன் எழுந்து ஓடி வந்தான். தோளுக்குப் பின்னால் நின்று படித்தான். அவள் பதிலாக ஒரே வரி எழுதி அனுப்பினாள்: தொடாதீர்கள். அனுப்பிய கையோடு மோடத்தை நிறுத்திப் போனை எடுத்தாள். ஒரு தடவை தப்பாகச் சுழற்றினாள். மறுபடி சுழற்றினாள்.

பிஸி.

மறுபடி. பிஸி.

“பேசிக்கிட்டு இருப்பாங்க” என்றாள் தங்கமணி.

“இல்லக்கா. மோடம் போட்டிருக்காரு.” குணேஸ்வரி ரிசீவரைக் காதிலிருந்து எடுக்காமலே சொன்னாள். “பினாங்குப் பக்கத்தைத் திறந்து வெச்சிக்கிட்டு உட்கார்ந்திருக்காரு. என் அஞ்சலைத் திறந்து பார்ப்பாரோ மாட்டாரோ.”

ராதாகிருஷ்ணன் ஏற்கனவே கார் சாவியைத் தேடிக்கொண்டிருந்தான். “ரவாங். இந்தப் புகையில எவ்வளவு நேரம் ஆகும்னு தெரியல. நீ இங்கேர்ந்து போன் பண்ணு, நான் போறேன்.”

“மையம் எங்க இருக்குன்னு தெரியுமா உங்களுக்கு? இருட்டிக்கிட்டு வருது. ஒருத்தர் ஓட்டணும், ஒருத்தர் பார்க்கணும்.”

“அப்ப யாரு போன் பண்றது?”

தங்கமணி மையான கையைப் பாவாடையில் துடைத்தாள். குணேஸ்வரியின் கையிலிருந்த ரிசீவரை வாங்கினாள்.

“நம்பரைச் சொல்லு.”

“அக்கா...”

“சி போடாதே, வி போடு. அதானே சொல்லணும்? மத்தவங்க எப்படியோ, என்னைவிட இதை அழுத்திச் சொல்றதுக்கு ஆளு கிடைக்கமாட்டாங்க. போங்கலா ரெண்டு பேரும்! நிக்காதீங்க!”

குணேஸ்வரி செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டே ஓடினாள். புகைக்குள் கார் எங்கே நிற்கிறது என்று தேடி, கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தபோது பின்னால் அச்சகத்தின் கதவு வழியே டயல் சுழலும் சத்தம் கேட்டது. கொஞ்சம் நின்று, மறுபடி சுழன்றது. பிறகு மறுபடியும்.

ராதாகிருஷ்ணன் வண்டியைக் கிளப்பினான்.